கிறீச்சிடாத பலகை

சாயக்காரர் வீட்டு முன்னறைச் சுவரில் முப்பத்தெட்டு ஆணிகள் இருந்தன. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மரத்துண்டு தொங்கியது. உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். அவர் மரத்தரைக்குச் சாயம் ஏற்றிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து வந்து மாட்டிவைப்பார். முன்பக்கத்தில் அந்த வீட்டுத் தரையின் நிறம் இருக்கும். பின்பக்கத்தில் பென்சிலால் அந்த வீட்டின் அடையாளமும், எந்தப் பழுப்பில் எத்தனை மூடி, எந்தச் சிவப்பில் எத்தனை சொட்டு என்ற கலவை விவரமும் இருக்கும். மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டுகிற சுவரில் அவர் தன் பிழைப்பை மாட்டிவைத்திருந்தார்.

"வர்றவங்க இது வீடா விறகுக்கடையான்னு கேக்குறாங்க" என்று மனைவி வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, யாரும் தொடாமல், காற்று என்று பெயருக்குக்கூட ஒன்று அடிக்காமல், முப்பத்தெட்டாவது துண்டு சுவரை விட்டுக் கீழே விழுந்தது.

அது விழுந்த கதைக்கு முன்னால், அது அந்தச் சுவருக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சாயக்காரருக்கு வயது ஐம்பத்து நாலு. ஆள் குள்ளம். வாழ்நாளில் பாதியை மண்டியிட்டே கழித்தவர் என்பதால் முட்டிகள் இரண்டும் காய்த்துப்போய் இருக்கும். யாராவது அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம். அந்த அளவுக்குச் சாயக்காரர் என்றே ஆகிவிட்டிருந்தார். கண் அப்படிப்பட்ட கண். பேருந்தில் முன்னால் நிற்பவனின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் பிறகு தைத்தது என்று நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்தே சொல்லிவிடுவார். கை மட்டும் அப்படி இல்லை. முப்பது வருடமாகத் தின்னரிலும் சாயத்திலும் ஊறி உள்ளங்கைத் தோல் செத்துப்போயிருந்தது. கொதிக்கக் கொதிக்கக் காப்பி டம்ளரைக் கொடுத்தால் ஊதிக்கூடப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார். "இந்தக் கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது" என்று மனைவி சொல்வாள். அதையும் அவர் ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது வீட்டுக்கார டீச்சரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பியது மாடி அறைக்காக. மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. இன்னும் பத்து நாளில் மகளும் பேத்தியும் வந்து மூன்று மாதம் தங்கப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த அறைதான். பழைய வீடு அது. கீழே சாப்பாட்டு அறை, அதற்கு நேர் மேலே இந்த அறை, தரை முழுக்க எண்பது வருடத்து முற்றிய மரப்பலகை. ஒரே சுவரில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சன்னல்கள். அந்தச் சுவர் முடிகிற மூலைக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரை அங்கங்கே வெளுத்து, அங்கங்கே கறுத்து, தேமல் படர்ந்த முதுகு மாதிரி கிடந்தது.

"எம்பேத்தி இதுலதான் தவழணும், அண்ணே" என்றார் டீச்சரம்மா. "தேன் நிறம் வேணும். ஒரே சீரா இருக்கணும். திட்டுத்திட்டா இருந்தா எனக்குப் பிடிக்காது."

"தேன்னா தேன்தான். நக்கிப் பாக்கணும்னு தோணும்" என்றார் சாயக்காரர்.

வேலை தொடங்குவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு அறையை ஒரு சுற்று நடந்து பார்ப்பது அவர் வழக்கம். கால் வைக்கிற இடமெல்லாம் பலகை கிறீச்சிட்டது. அவரோடு தரை தேய்க்கிற மெஷின் ஓட்டுகிறவன் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயதிலேயே தொப்பை போட்டவன், வாய் சும்மா இருக்காது. "மாமா, இது தரையா, தவளைக் குளமா?" என்றான். சாயக்காரர் சிரித்துக்கொண்டே நடந்தார். சன்னல் பக்கமாக ஓரிடத்தில் கால் வைத்தபோது மட்டும் சத்தமே வரவில்லை. ஒரு பாய் அளவுக்கு இடம், கால் வைத்தால் ஊமை. 'இந்த இடம் கெட்டியா இருக்கு' என்று நினைத்துக்கொண்டார்.

மாதிரித் துண்டையும் அந்த இடத்துப் பக்கத்தில்தான் எடுத்தார். சுவரை ஒட்டி ஒரு குட்டைப் பலகை இருந்தது. உளியை வைத்ததும் ரம்பத்துக்கு வேலையே இல்லாமல், ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. எந்த வீட்டிலும் எளிதாகக் கழன்று வருகிற இடத்தில்தான் அவர் துண்டு எடுப்பார். ஓட்டையான இடத்தில் தன் கிடங்கில் இருந்த பழைய மரம் ஒன்றை அளந்து வெட்டி வைத்து அடைத்தார். அதை அவர் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும்.

மெஷினை ஓட்டி, முதலில் பெருவெட்டு உப்புத்தாள், அப்புறம் நடுத்தரம், கடைசியில் நைசு என்று மூன்று நாள் தேய்த்தார்கள். பழைய வார்னிஷ் எல்லாம் மாவாகப் பறந்தது. அடியிலிருந்து வெளிவந்த மரம் பிறந்த குழந்தை நிறத்தில் இருந்தது. நாலாம் நாள் தேன் சாயம். அவர் துணியால் பலகையின் ரேகை போகிற வாட்டத்தில் பூசிக்கொண்டே போவார், மைத்துனன் பின்னாலேயே மிச்சத்தைத் துடைத்துக்கொண்டே வருவான். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் ஈரத்தின் மேல் ஈரம் ஏறி அங்கே ஒரு கோடு விழுந்துவிடும்.

நிற்கவில்லை. ஆனாலும் மறுநாள் வந்து பார்த்தபோது, சன்னல் பக்கம் ஒரு பாய் அளவுக்குக் கறுத்துக் கிடந்தது.

டீச்சரம்மா ஏற்கெனவே அங்கே கைகட்டி நின்றார். "என்ன அண்ணே இது? யாரோ எண்ணெயக் கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு?"

"பழைய மரம்மா. சில இடத்துல சாயத்தக் கொஞ்சம் கூடக் குடிச்சிரும்."

"அப்படியா? பூசின கைதான் சரியில்லையோன்னு நெனச்சேன்."

சாயக்காரர் முகம் சுருங்கியது. மைத்துனன் உடனே குறுக்கே விழுந்தான். "டீச்சரம்மா, எங்க மாமா கையக் குத்தம் சொல்லாதீங்க. அவருக்குச் சோறு எறங்காது. அவர் சாப்பிடலேன்னா எங்கக்கா என்னைத்தான் வறுக்கும்."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கறுப்பையே பார்த்துவிட்டு, "அந்த எடத்துலதான் எங்க மாமியார் ரொம்ப வருசம் பூந்தொட்டி வெச்சிருந்தாங்க" என்றார்.

"அதேதான்!" என்றார் சாயக்காரர். மூச்சே வந்தது போல் இருந்தது அவருக்கு. "தொட்டித் தண்ணி எறங்கின கறை. தேய்ச்சா போயிரும்."

அது போகவில்லை. மறுபடி பெருவெட்டுத் தாள் போட்டுத் தேய்த்தார்கள். தொட்டிக் கறையாக இருந்தால் செத்த கறை. தேய்க்கத் தேய்க்க மங்கும். இது தேய்க்கத் தேய்க்க அதே கறுப்பில் எழுந்து வந்தது. மற்ற இடங்களில் மாவு பறந்தது, இங்கே மட்டும் தாளோடு ஒட்டிக்கொண்டது. மைத்துனன் மெஷினை நிறுத்திவிட்டுத் தாளை உருவிக் காட்டினான்.

"மாமா, இங்க மட்டும் தாள் அடைக்குது. மூணாவது தாள் இது."

"பழைய மெழுகு ஒட்டியிருக்கும்."

"மெழுகுன்னா வழவழன்னு இருக்கணும். இது பிசைஞ்ச மாவு மாதிரி உருளுது. ஈரமா இருக்குமோ? அந்த ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்குவோம்னு நானும் தொண்டை தண்ணி வத்தக் கத்துறேன்."

"எதுக்குடா மீட்டர்? இது எதுக்கு இருக்கு?" என்று சாயக்காரர் தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அப்படியே குனிந்து கறுப்பின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. அறையே அமைதியாக இருந்தது. சுவருக்குள் எங்கோ, வெகு மெல்லிசாக, ஏதோ சொட்டுகிற மாதிரி மைத்துனனுக்குக் கேட்டது. தெருவில் யாரோ குழாய் திறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டான்.

"காய்ஞ்சுதான் இருக்கு" என்றார் சாயக்காரர்.

தரை முழுக்க ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, எல்லா மரத்தின் நுண்துளைகளையும் ஒரே அளவு வாய் திறக்கவைத்து, மறுபடி சாயம் ஏற்றினார்கள். கறுப்பு பழைய இடத்துக்கே திரும்ப வந்து உட்கார்ந்தது. இப்போது முன்னைவிட ஒரு விரற்கடை அகலமாக இருந்தது போலவும் பட்டது. எட்டாம் நாள்.  டீச்சரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டு, கீழே இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. முப்பது வருடத்தில் ஒரு வீட்டில்கூடத் திட்டோடு தரையை விட்டுவிட்டு வந்ததில்லை சாயக்காரர்.

இந்த மாதிரி நேரத்துக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. அதை அவர் 'இறக்குவது' என்பார். கறுத்த இடத்தை வெளுக்கவைக்க முடியவில்லையா, வெளுத்த இடத்தையெல்லாம் கறுப்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். கறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. சொல்ல எளிது, செய்ய அந்தக் கண் வேண்டும். கறுப்பின் விளிம்பு நேர்கோடாக இருக்காது. ரேகைக்கு ரேகை ஒரு சாயல். ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு கலவை போட்டு, விளிம்பில் துணியால் தொட்டுத் தொட்டுக் கரைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று உருக்கவேண்டும்.

"தேன் நிறம் வேணாம், டீச்சரம்மா" என்றார். "காப்பிக்கொட்டை நிறம் போடுவோம். கொழந்தை இருக்குற ரூமு. அழுக்குத் தெரியாது."

"உங்களுக்கு எது தோணுதோ செய்யுங்க. ஞாயித்துக்கிழமை அவ வர்றா."

இரண்டு நாள். மைத்துனனைக்கூட உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தபோது டீச்சரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். தரை ஒரே நிறத்தில், மழை நின்ற ராத்திரி மாதிரி பளபளத்துக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. எங்கே கறுப்பு இருந்தது, எங்கே இல்லை என்று பெற்றவள் வந்தாலும் சொல்ல முடியாது. டீச்சரம்மாவின் வீட்டுக்காரர்கூடக் கீழே சாப்பாட்டு மேசையில் குறுக்கெழுத்துப் போட்டியை விட்டுவிட்டு மாடியேறி வந்து பார்த்தார். "இதுல நடக்கவே மனசு வரலையே!" என்றார்.

சாயக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டாவது ஆணியை அடித்தார். மாதிரித் துண்டின் பின்பக்கம் கலவையை எழுதி, அடியில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். இறக்கிய வேலைகளுக்கு மட்டும் அவர் அந்தப் புள்ளி வைப்பார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். மாட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். சாயக்காரர் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். டொப் என்று கூட விழவில்லை. பொத்தென்று, பழைய துணி மூட்டை விழுகிற மாதிரி விழுந்தது.

"பாத்தீங்களா, நான் தொடவே இல்ல" என்றாள் மனைவி முன்ஜாமீன் எடுப்பது போல.

இரண்டாக உடைந்து கிடந்தது. முன்பக்கத்தில் காப்பிக்கொட்டை நிறம் கண்ணாடியாக மின்னியது. பின்பக்கத்தைத் திருப்பினார். மரம் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. கட்டைவிரலால் தள்ளினார். ரஸ்க் மாதிரி நொறுங்கி, பழுப்புத் தூளாக அவர் மடியில் கொட்டியது. ஆணி மாட்டிய துளை இருந்த இடத்தில் மரமே இல்லை.

காய்ந்த பிறகு இப்படிக் கட்டம் கட்டமாக வெடிக்கிற மரம், காய்வதற்கு முன்னால் அழுகிக்கொண்டிருந்த மரம். அது அவருக்குத் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். அடைத்த தாள், பிசைந்த மாவு, பால்பல் மாதிரி கழன்ற பலகை, கால் வைத்தால் ஊமையான இடம் என்று ஒவ்வொன்றாக, வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்கள் போல அவர் முன்னால் வந்து நின்றன. உலர்ந்த கெட்டி மரத்தில்தான் ஆணி உரசிக் கிறீச்சிடும். அடியில் இருக்கிற சட்டம் அழுகிவிட்டால் ஆணிக்கு உரச என்ன இருக்கிறது?

"காப்பி ஆறுது" என்றாள் மனைவி.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சட்டைய மாத்திட்டுப் போங்களேன். ஏங்க? எங்க போறீங்க?"

வழியில் மைத்துனனுக்குப் போன் போட்டார். "மாப்ள, உளியும் கடப்பாரையும் எடுத்துக்கிட்டு டீச்சர் வீட்டுக்கு வா. மெஷின் வேணாம். மெஷின் கனம் ஆகாது."

"என்ன மாமா, ஆகாதுன்னா?"

"வாடான்னா வா."

டீச்சரம்மா கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க அண்ணே! உங்களத்தான் நெனச்சேன். நேத்து கூட எதிர்வீட்டுக்காரங்க வந்து தரையப் பாத்துட்டு..."

"மகளும் கொழந்தையும் எங்கம்மா?"

"மாடியிலதான். தூங்குறாங்க."

அவர் படியேறினார். அவசரமாக ஏறினால் வீடு அதிரும் என்று பயந்து, ஒவ்வொரு படியாக, திருடன் மாதிரி.

அறை நிறைந்திருந்தது. கட்டில், அலமாரி, தொட்டில், நாற்காலி, துணிக்கூடை. கட்டிலில் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. சாயக்காரர் வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்தார்.

எங்கே?

ஒரே நிறம். ஓர் இழை கூடுதல் இல்லை, ஓர் இழை குறைவு இல்லை. பேருந்தில் பொத்தானைக் கண்டுபிடிக்கிற கண் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. அறை காலியாக இருந்தபோது அந்தக் கறுப்பு எங்கே இருந்தது? சன்னல் பக்கம். எந்தச் சன்னல்? இரண்டும் ஒன்று போல இருந்தன. மெஷினோடு பத்து நாள் சுற்றிச் சுற்றி வந்ததில் எது முதல் சன்னல், எது இரண்டாவது என்றே குழம்பியிருந்தது. கிடங்கிலிருந்து கொண்டுவந்து வைத்த பலகையாவது தெரியுமா என்று பார்த்தார். அதையும் அவரேதான் மறைத்திருந்தார்.

"டீச்சரம்மா, அந்தப் பூந்தொட்டி எந்தச் சன்னல்கிட்ட இருந்துச்சு?"

"இந்த... இல்ல, அந்தச் சன்னல். ஏன் அண்ணே?" டீச்சரம்மாவின் குரல் மாறியது. "ஏன் ஒருமாதிரி இருக்கீங்க?"

"அம்மாடி," என்று அவர் மகளை எழுப்பினார். "கொழந்தையத் தூக்கிக்கிட்டு சுவரோரமா நடந்து வெளிய வாம்மா. வேகமா வேணாம்."

மகள் அரைத்தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, யாரு இவரு? இப்பத்தான் அவளத் தூங்க வெச்சேன்."

"தரைக்குச் சாயம் போட்ட அண்ணன்டி. அண்ணே, என்னன்னு சொல்லுங்க, பயமுறுத்தாதீங்க."

"அடியில மரம் அழுகியிருக்கு. எந்த எடம்னு தெரியல."

"நீங்கதான போட்டீங்க?" என்றாள் மகள்.

 அதற்குள் மைத்துனனும் மூச்சு வாங்க மாடிப்படியில் வந்து நின்றான். உள்ளே வராதே என்று சாயக்காரர் கையைக் காட்டி, அவனிடமிருந்து உளியை மட்டும் வாங்கிக்கொண்டார். டீச்சரம்மா சொன்ன சன்னலுக்கு அடியில் மண்டியிட்டு உளியால் பளபளப்பை ஒரு கோடு சுரண்டினார். நல்ல மரம். கெட்டி மரம். இன்னொரு கோடு. அதுவும் நல்ல மரம். தான் செய்த தரைகளிலேயே அழகான தரையில் கோடு கோடாகக் கீறிக்கொண்டு போனார். டீச்சரம்மா "ஐயோ ஐயோ" என்றார், தடுக்கவில்லை. ஒரு திட்டும் எழுந்து வரவில்லை.

அப்போது மைத்துனன் வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்ததில், அவன் கால் பட்ட பலகை கிறீச்சிட்டது.

சாயக்காரர் தலையைத் தூக்கினார். "யாரும் அசையாதீங்க. பேசாதீங்க."

கைகால் நாலையும் ஊன்றி, குழந்தை தவழுகிற மாதிரி தவழ்ந்தார். ஒரு கை வைத்தார், கிறீச். ஒரு முட்டி வைத்தார், கிறீச். மகள் கட்டிலில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தாள். கிறீச். கிறீச். முதல் சன்னலைத் தாண்டினார். கிறீச். இரண்டாவது சன்னல் நெருங்கியது. கையை வைத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊமை இடம் அவர் கைக்குக் கீழே தொடங்கி, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. குனிந்து பார்த்தார். கட்டிலின் சுவர்ப்பக்கத்துக் கால், அவர் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பலகைக்குள் ஒரு விரல்கணு அளவுக்கு இறங்கியிருந்தது.

"அம்மாடி," என்றார்.  "கொழந்தைய முதல்ல எங்கிட்டக் குடு."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள்.  குழந்தையை நீட்டினாள். சாயத்தில் ஊறிச் செத்துப்போன அந்தக் கைகளில் குழந்தையின் சூடுகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற டீச்சரம்மாவிடம் கொடுத்தார். மகள் கட்டிலின் தலைமாட்டுப் பக்கமாக இறங்கிச் சுவரை ஒட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவள் எழுந்ததும் கட்டில் கால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு சத்தமும் இல்லாமல்.

கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "மேல என்ன மரப்பொடி கொட்டுது? என் பேப்பர்ல எல்லாம் விழுது!"

"ஐயா, மேசைய விட்டு எந்திரிங்க!" என்று மைத்துனன் மாடிப்படியிலிருந்து கத்தினான். "குறுக்கெழுத்த வெளிய போய்ப் போடுங்க!"

இருவருமாகக் கட்டிலைத் தூக்கவில்லை. வாசற்பக்கமிருந்து கயிறு போட்டு இழுத்தார்கள். பிறகு சாயக்காரர் வயிற்றால் படுத்து, கையை நீட்டி உளியைப் பலகை இடுக்கில் வைத்தார். கடப்பாரைக்கு அவசியமே இல்லாமல் பலகை கேக் மாதிரி விண்டு வந்தது. அடியில் குறுக்குச் சட்டம். உளியை அதில் ஊன்றினார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. துளை வழியாகக் கீழே சாப்பாட்டு மேசையின் வெள்ளை விரிப்பும், அதன்மேல் பாதி நிரப்பிய குறுக்கெழுத்தும் தெரிந்தன. குளியலறைச் சுவருக்குள் அந்தச் சொட்டுச் சத்தம் இப்போது எல்லோருக்கும் கேட்டது.

டீச்சரம்மா கேட்டார், "உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

மைத்துனன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சாயக்காரர் அவனை விடவில்லை.

"தாள் அடைச்சுச்சு, டீச்சரம்மா. பாத்தேன். மரம் எத்தனையோ தடவ காட்டுச்சு. காட்டாம இருக்கத்தான் வழி பண்ணேன்."

டீச்சரம்மா பேத்தியை இன்னும் இறுக்கிக்கொண்டார். திட்டுவார் என்று சாயக்காரர் காத்திருந்தார். டீச்சரம்மா திட்டவில்லை. "எவ்வளவு அழகா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் சாயக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

குழாய்க்காரனுக்கும் தச்சருக்கும் சொல்லி அனுப்பி, மாடிக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு வீடு திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மனைவி தட்டு வைத்தாள். அவர் அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினார். புள்ளி இல்லாததை ஒருபக்கம் வைத்தார். புள்ளி இருந்ததை இன்னொரு பக்கம் வைத்தார். புள்ளி வைத்தது பதினொன்று.

"என்னங்க இது, சுவர மொட்டையாக்கிட்டீங்க? நான் சொன்னப்பல்லாம் கேக்கல. இப்ப யாரு சொன்னா?"

"கொஞ்சம் வாயேன்" என்றார். "என் கைக்கு ஒண்ணும் தெரியாது. இதுங்க பின்னால உன் நகத்த வெச்சு அழுத்திப் பாரு."

அவர் முகத்தைப் பார்த்து அவள் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்தாள். முதல் துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். "கெட்டியா இருக்கு." இரண்டாவது. "இதுவும் கெட்டிதான்." மூன்றாவது. நாலாவது. அவர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். ஆறாவது துண்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன?"

அவள் துண்டை நீட்டினாள். அவள் நகம் பாதி உள்ளே போயிருந்தது.

சாயக்காரர் அதை வாங்கி விளக்கடியில் பிடித்து, பென்சில் எழுத்தைப் படித்தார். ஏழு வருடத்துக்கு முந்திய வேலை. 'தையல் கூடம், மாடி. எட்டு மெஷின்.'

"அங்க என் சித்தி மருமக வேலை பாக்குறா" என்றாள் மனைவி. "சனிக்கிழமைகூட லீவு இல்லன்னு புலம்புவா."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால். ஆறு வரைக்கும் அங்கே மெஷின் ஓடும். எட்டும் ஒன்றாக ஓடும்போது தெருவிலிருந்தே தரை அதிர்கிற சத்தம் கேட்கும். சாயக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டே செருப்புக்குள் காலை நுழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் சத்தத்தில் அங்கே யாருக்கும் கேட்கவில்லை.